விடுமுறையில் ஓடிய இருபது கம்ப்யூட்டர்கள்

ஐயா, இன்று காலை வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுப்பதற்கும் முன்னால், உன் பழைய கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். இரண்டு மாதமாக அதை நான் தொடவில்லை. பக்கத்துத் தகட்டைக் கழற்றி, பெயிண்ட் அடிக்கிற சின்ன பிரஷால் ஃபேனின் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நீ அனுப்பிய பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. கூரியரில் புதன்கிழமை வந்தது. அப்பா அதைத் தூக்கிப் பார்த்து, "ஏட்டி, ஒம் மவன் என்ன அனுப்பிருக்கான்? கல்யாணத்துக்கு மின்னாடியே மிக்ஸி வாங்கிட்டானா?" என்றார். கிராஃபிக்ஸ் கார்டு என்றேன். "அத வச்சு சட்னி அரைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு உரக்கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் அதை இன்னும் பிரிக்கவில்லை. நீ போனில் மூன்று தடவை கேட்டாய். இரண்டு தடவை நேரமில்லை என்றேன், ஒரு தடவை ஸ்க்ரூடிரைவரைக் காணவில்லை என்றேன். ஸ்க்ரூடிரைவர் மேசை டிராயரில்தான் இருக்கிறது. ஏன் பிரிக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுதினால் முடிக்கும் வரை யாரும் தடுக்க முடியாது.

இது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியும். ஊரடங்கில் கல்லூரி விடுதியைக் காலி செய்துவிட்டு ஒரு பெட்டியும் இந்தக் கம்ப்யூட்டருமாக இலத்தூருக்கு வந்தாய். நாலாம் நாள் பார்க்கிறேன், திரையில் நிறம் நிறமாக ஏதோ ஒன்று தனியாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. "என்னலே இது, அச்சுல புழிஞ்ச முறுக்கு கணக்கா சுத்துது?" என்றேன். நீ சிரித்துவிட்டு விளக்கினாய். அது புரோட்டீன். மருந்து கண்டுபிடிக்கிறவர்கள் பெரிய கணக்கு ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். யார் வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறதோ அது ஒரு துண்டை வாங்கி, அந்தக் கணக்கைப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்பும். அப்பா செய்தித்தாளை மடக்காமலே கேட்டார். "காசு தருவாங்களா?" "தர மாட்டாங்கப்பா." "கரண்டு பில்லாவது?" "அதையும் நாமதான் கட்டணும்." "ரொம்ப நல்லாருக்குலே. பில்லு எம் பேர்ல, புண்ணியம் ஒம் பேர்லயா?" அன்று மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் எனக்குள் ஏதோ அசைந்தது. கணிதத்தில் பட்டம் வாங்கி, கடைசிப் பரீட்சை எழுதிய மாதமே கல்யாணமாகி வந்தவள் நான். அதற்குப் பிறகு நான் போட்ட கணக்கெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியவை. எங்கோ முகம் தெரியாத ஒருவருக்கு என் வீட்டு மேசையிலிருந்து ஒரு விடை போய்ச் சேருகிறது என்பது, பரீட்சைத் தாளை நூல் கோத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வருகிற மாதிரி இருந்தது. நீ விளையாட்டாகத் தொடங்கியதை நான் பிடித்துக்கொண்டேன். உன் பெயருக்குக் கீழே என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாய்.

பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டது நினைவிருக்கிறதா? திரையில் இருக்கிற லட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் ஒரே சமயத்தில் நிறம் போடுவதற்காகச் செய்த பொருள் அந்தக் கார்டு, அதனால் அதற்குள் சின்னச் சின்ன வேலைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு என்றாய். பிராசஸருக்குள் ஆறு பேரோ எட்டுப் பேரோதான், ஆனால் ஒவ்வொருவரும் எந்த வேலையையும் செய்யத் தெரிந்தவர்கள். அப்பா உடனே, "அப்ப ஒண்ணு நடவுக்கு வர்ற கூட்டம், இன்னொண்ணு தண்ணி திருப்புத ஆளு" என்றார். இருந்த வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உரம் விற்கிற மனிதர் அதை அவ்வளவு சரியாகப் பிடித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நீ நண்பனிடம் வாங்கி வந்த பழைய கார்டு இருந்தவரை நம் வீட்டில் இரண்டும் ஓடின.

அந்தப் பழைய கார்டு எப்படிப் போனது என்று உனக்குச் சொன்னது பொய். நீ ஓசூருக்கு வேலைக்குப் போன வருஷம், ஆனி மாதம், அது கொதித்துக்கொண்டே இருந்தது. வெளியே அருமையான சாரல் காற்று. இந்தக் காற்றுக்காக ஊர் ஊராக ஜனங்கள் குற்றாலத்துக்கு வருகிறார்கள், நம் கம்ப்யூட்டர் மட்டும் ஏன் புழுங்க வேண்டும் என்று தகட்டைக் கழற்றிவிட்டு மேற்கு ஜன்னலுக்கு நேராக அதைத் தள்ளி வைத்தேன். சூடு மளமளவென்று இறங்கியது. எனக்கு அவ்வளவு பெருமை. பத்தாம் நாள் திரை கறுத்தது. எட்டிப் பார்த்தால் கார்டின் மேல் வேர்வை பூத்த மாதிரி நீர்ப்பொடி. துண்டை எடுத்துத் துடைத்துவிட்டு, உனக்குப் போன் செய்து, "அதுவா போயிருச்சுலே, பழசுதான" என்றேன். மலைச் சாரலைக் கொண்டு கம்ப்யூட்டரைக் குளிர வைத்தவள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ சிரித்திருப்பாய், அவ்வளவுதான் நடந்திருக்கும். அதைக்கூட நான் சொல்லவில்லை.

பிறகு நீ அங்கே புதுக் கார்டு வாங்கினாய். யார் எவ்வளவு கணக்கு முடித்தார்கள் என்று காட்டுகிற பட்டியலில் உன் பெயரும் என் பெயரும் மேலும் கீழுமாக இருந்தன, ஒரு மாதத்துக்குள் உன் எண்ணிக்கை என் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. "எம்மா, ஒன் பிராசஸர் பத்து நாளா முக்கி முக்கிச் செய்யிறத இது மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிருது. அத அணைச்சுப் போட்டுட்டுக் கரண்டயாவது மிச்சம் புடி" என்று சொன்னாய். நீ கேலியாகச் சொன்னாய், சரியாகவும் சொன்னாய். ஒரே வேலைக்கு உன் கார்டு குடித்த மின்சாரம் என்னுடையதைவிடக் குறைவுதான். சில கணக்குகள் பிராசஸருக்கென்றே வருகின்றன, ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி என்று போகிற கணக்கை ஆயிரம் பேருக்குப் பங்கு வைக்க முடியாது என்று நான் உன்னிடம் வாதாடினேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் நான் வாதாடியது அதற்காக இல்லை. நீ தூக்கி எறியச் சொன்ன அந்த மெதுவான சாமானில் நான் என்னைப் பார்த்தேன். மகனுடைய ஒரு சொல்லுக்கு இவ்வளவு புண்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டவள் பேசியிருக்க வேண்டும். நான் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

தென்காசியில் என் பள்ளிக்கூடத்து லேபில் இருபது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, உனக்குத் தெரியும். போன வருஷம் வந்தவை. சாவி என்னிடம்தான். இந்த ஏப்ரலில் விடுமுறை விட்ட அன்று, பிள்ளைகள் போன பிறகு, இருபதிலும் அந்த புரோகிராமை ஏற்றி என் பெயரைப் போட்டேன். ஃபேன்களை ஓடவிட்டு, இரண்டு ஏசியையும் போட்டு, கதவைப் பூட்டினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. நல்ல காரியம்தானே, மருந்துக்குத்தானே, சும்மா கிடக்கிற மெஷின்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மின்சாரம் சும்மா கிடக்கிற பொருள் இல்லை என்பது கணக்கு டீச்சருக்குத் தெரியாதா?

பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் மாடசாமி அண்ணாச்சியை நீ பார்த்திருக்கிறாய். முதல் வாரம் நான் பார்க்கப் போனபோது அவர், "டீச்சர், லேப்புக்குள்ள ஙொய்ங்குன்னு ஒரு சத்தம். வண்டு கூடு கட்டிருக்கோன்னு சன்னல் வழியா எட்டிப் பாத்தேன்" என்றார். "கம்ப்யூட்டர்தான் அண்ணாச்சி. ஓடிக்கிட்டே இருக்கணும், அணைச்சிராதீங்க" என்றேன். "நான் எங்க அணைக்கப் போறேன். தொட்டா எதாவது அழிஞ்சு போச்சுன்னா எந் தலையில்லா உருளும்" என்றார். அதற்கப்புறம் அந்தச் சத்தத்துக்கு அவர்தான் காவல். மின்சாரம் போய் வந்தால் போன் வந்துவிடும். "டீச்சர், ஒங்க வண்டு தூங்கிட்டு. வந்து எழுப்பிட்டுப் போங்க." நான் பஸ் பிடித்துப் போய் இருபதையும் மறுபடி ஓடவிட்டு வருவேன். அவர் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுப்பார். நாற்பது நாள் இப்படி. அந்த நாற்பது நாளிலும் என் இருபது பிராசஸர்கள் உன் ஒரு கார்டைத் தாண்டவில்லை. கிட்டத்தில் வந்தன, அவ்வளவுதான். நீ போன் செய்து, "என்னம்மா திடீர்னு இந்த ஏத்தம் ஏறுத? புதுக் கார்டு வாங்கிட்டியா?" என்று கேட்டாய். "பழசத்தான் தூசி தட்டுனேன்" என்றேன். "கலக்குதம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாமே என்று அன்று எனக்குத் தெரிந்தது.

ஜூனில் பள்ளி திறந்த வாரம் மின்சார பில் வந்தது. நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஆபீசில் நின்றிருந்தேன். தாளாளர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு, "பிள்ளையே இல்லாத பள்ளிக்கூடத்துல இம்புட்டுக் கரண்ட யாருய்யா குடிச்சது?" என்று கத்தினார். கிளார்க் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். வாட்ச்மேனுடைய மருமகன் பேட்டரி லோடு ஆட்டோ வைத்திருக்கிறான், லீவில் அது வாட்ச்மேன் அறை வாசலில் ஒயர் மாட்டி நின்றதைப் பார்த்தேன் என்றார். மாடசாமி அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். அவர் மழுப்பவில்லை. "ரெண்டு நாள் போட்டது நெசம்தான் சார். வீட்டுப் பக்கம் கரண்டு இல்லன்னு கேட்டான், போட்டுக்கோன்னேன். தப்புதான்" என்றார். "ரெண்டு நாளா, ரெண்டு மாசமா?" என்று தாளாளர் கேட்டதும் அங்கே இருந்த எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது. அவர் ஒத்துக்கொண்ட இரண்டு நாளே மீதி நாட்களுக்கும் சாட்சியாகிவிட்டது. நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை அதன் நூலோடு சேர்த்து வைத்தேன். முதல் பீரியடுக்குப் போனேன்.

அந்த வாரமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதற்கு முன் நான் செய்தது ஒன்று உண்டு, அதைத்தான் உன்னிடம் சொல்லக் கூசுகிறது. ஸ்டாஃப் ரூமில் கிளார்க்கும் இருக்கும்போது, "பாவம், வயசான மனுசன், தெரியாமச் செஞ்சிட்டாரு. இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்டுரச் சொல்லுங்க" என்று பேசினேன். மற்ற டீச்சர்கள் எனக்கு இளகிய மனசு என்றார்கள். அன்று சாயங்காலம் இருபது மெஷினிலிருந்தும் புரோகிராமை அழித்தேன். வீட்டுக்கு வந்து உன் கம்ப்யூட்டரை அணைத்துத் துணியைப் போட்டேன். இரண்டு மாதமாக என் எண்ணிக்கை நகராததைப் பார்த்து, மெஷின்தான் போய்விட்டது என்று நினைத்து நீ ஒரு கார்டு வாங்கி அனுப்பியிருக்கிறாய். இதையெல்லாம் சொல்லாமல் அந்தப் பெட்டியைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

போன ஞாயிறு சம்பந்தி வீட்டார் குளிக்க வந்தார்கள் என்று சொன்னேன் இல்லையா, அன்று ஐந்தருவியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒருவர் சாரலுக்கு உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு நேராக வந்து குனிந்த பிறகுதான் தெரிந்தது, மாடசாமி அண்ணாச்சி. "டீச்சரா! தம்பிக்கு ஆவணில கல்யாணமாமே. எனக்குப் பத்திரிகை உண்டா, இல்ல சோத்துக்கு ஆளு கூடிரும்னு விட்டுட்டியளா?" என்று சிரித்தார். நான் இறங்கி அவரோடு ஓரமாக நின்றேன். "இங்கன எத்தன நாளா நிக்கிய அண்ணாச்சி?" "சீசன் முடியுத வரைக்கும் நிப்பேன். அதுக்கப்புறம் எவன் வண்டிய விடப் போறான், எவன் டோக்கன் கேக்கப் போறான்?" மருமகனைக் கேட்டேன். "அவன் வீட்டுக்கு வரதே இல்ல டீச்சர். ஒன்னாலதான் வேல போச்சுன்னு எங்க வீட்டுல ஒரு வார்த்த சொல்லிப்புட்டா. மவ அங்கன இருந்து அழுதா, இவ இங்கன இருந்து அழுதா. நான் நடுவுல டோக்கன் கிழிக்கேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க ஒருத்திதான் எனக்காவப் பேசுனியளாம். கிளார்க்குத் தம்பி சொன்னான். மறக்க மாட்டேன்" என்றார்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "லேப்புல கம்ப்யூட்டர் ஓடுனத நீங்க ஆபீசுல சொல்லலையா அண்ணாச்சி?" அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அது பள்ளிக்கூட வேலைல்லா? அத எதுக்கு நான் சொல்லணும்? அதோட, கம்ப்யூட்டர் என்ன, டிவி மாதிரிதான, அது எம்புட்டு இழுத்துரும்?" பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. "இருடே, ஒனக்கு முன்னாடி அருவி வத்திப் போயிராது" என்று சத்தம் போட்டுக்கொண்டே போனார். அன்று நான் குளிக்கவில்லை. சம்பந்தியம்மா கையைப் பிடித்து இழுத்தார்கள், "வாங்க மதினி, இம்புட்டுத் தூரம் வந்துட்டு!" என்று. சளி பிடித்திருக்கிறது என்றேன்.

அந்த புரோகிராமில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு உண்டு. ஒரே துண்டை ஒன்றையொன்று அறியாத இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் பொருந்தினால்தான் ஏற்றுக்கொள்வார்கள். ஒன்று மட்டும் வந்தால் அது சரியாகவே இருந்தாலும் காத்துக் கிடக்கும். அன்று ஆபீசில் மாடசாமி அண்ணாச்சி சரியான விடையைத்தான் கொடுத்தார். அதோடு பொருந்த வேண்டிய இன்னொரு விடை என் கையில் இருந்தது. நான் அனுப்பவில்லை. இந்த ஒரு வாரமாகப் பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் இதைத்தான் நினைக்கிறேன்.

இன்னொரு வீட்டுப் பெண்ணோடு வாழப் போகிறாய். அம்மா ஏதாவது புத்தி சொல்வாள் என்று எதிர்பார்ப்பாய். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அவள் உன்னைவிட மெதுவாக ஒன்றைச் செய்தால் எண்ணிக்கையைக் காட்டிக் கேலி செய்யாதே. நீ விளையாட்டுக்குச் சொல்வது அவளுக்குள் எங்கே போய் உட்காரும் என்று உனக்குத் தெரியாது. உன்னை நான் குறை சொல்லவில்லை. நீ சொன்னது ஒரு வாக்கியம், நான் செய்தது நாற்பது நாள். நீ புண்பட்டால் அன்றைக்கே "எனக்கு வலிக்கிறது" என்று சொல்லிவிடு. நான் அன்றைக்கே "ஏல, அப்படிச் சொல்லாத, எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லியிருந்தால் நீ "சரிம்மா" என்றிருப்பாய். ஒரு மனிதர் தன் வேலையோடு இருந்திருப்பார். சாரலில் நனைந்த கார்டைப் பற்றிச் சொன்ன பொய் எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? அது சுலபமாக இருந்ததால்தான் அடுத்தது வந்தது.

கல்யாணம் முடியட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். பத்திரிகை அடித்தாகிவிட்டது. தாளாளருக்கும் முதல் வரிசையில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். சம்பந்தி வீட்டில், மாப்பிள்ளையின் அம்மா டீச்சர் என்று சொல்லித்தான் நாலு பேருக்கு அறிமுகம் செய்கிறார்கள். என் வேலை போனால், போன காரணமும் பந்தியில் பரிமாறப்படும். உன் கல்யாணத்தில் உன்னைத் தலைகுனிய வைக்கிறோமே என்று எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆவணி பிறந்தால் அருவியில் தண்ணீர் குறையும், வண்டிகள் குறையும், அவருக்கு அந்த டோக்கன் வேலையும் இருக்காது. எனக்கு வசதியான நாளுக்காகக் காத்திருந்தால் அந்த நாள் வரை அவர் பட்டினியோடு காத்திருக்க வேண்டும். அதனால் தள்ளிப்போட வழியில்லை.

நாளை திங்கள்கிழமை. எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை நாள், யார் பெயரில், யார் அனுமதியில்லாமல் என்று. மாடசாமி ஒத்துக்கொண்ட இரண்டு நாள் தவிர மீதி முழுவதும் என்னுடையது, அவரை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும், மின்சாரத்துக்கான தொகையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதல் மணி அடிப்பதற்கு முன் தாளாளர் மேசையில் அதை வைப்பேன். என்னை வேலையில் இருக்கச் சொன்னாலும் போகச் சொன்னாலும், அங்கிருந்து ஐந்தருவிக்கு பஸ் ஏறுவேன். நான் பரிந்து பேசியதற்கு நன்றி சொன்ன அந்த முகத்தைப் பார்த்து நானே சொல்ல வேண்டும். அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன். மருமகன் வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போங்கள் என்றும் கேட்பேன்.

இந்தக் கடிதத்தைப் போகும் வழியில் தபாலில் போடுவேன். உன் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. இப்போது பின்கட்டில் உட்கார்ந்து பந்திக்கு எத்தனை இலை என்று சத்தமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறார். இவரிடம் இன்று சொன்னால், "கல்யாணம் முடியட்டும்ட்டி" என்பார். நானும் சரி என்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் முதலில் பள்ளிக்கூடம், அடுத்து ஐந்தருவி, வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா.